தோட்டத்து ஊருக்கும் டால்பினுக்கும் என்ன சம்பந்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாகான் செராய்க்கும் தைப்பிங்குக்கும் நடுவில், செம்பனை சூழ்ந்த சின்ன ஊர் எங்களுடையது. சூடேறிவரும் கடலில் டால்பினும் கடற்பசுவும் திமிங்கலமும் படும் பாட்டைப் பற்றித் தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகப் பிள்ளைகளிடம் பேச ஆரம்பித்தேன். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள், பெற்றோர் கேட்டார்கள், அப்புறம் கோயில் மண்டபத்திலும் காப்பிக் கடையிலும் அதே பேச்சு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்திருக்கிறேன்.

சார், நம் ஊரில் நின்று பார்த்தால் செம்பனைதான் தெரிகிறது. கடல் விலங்குக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

தோட்டத்தின் கடைசி வரிசை மரத்துக்குப் பின்னால் ஓடும் பாரிட்டை, அந்த வடிகாலைப் போய்ப் பாருங்கள். பெரிய மழை விட்ட அரை மணி நேரத்தில் அது பால் கலந்த காப்பி நிறத்தில் பொங்கி ஓடும். மேலே காய்ந்த மட்டைத் துண்டு, நுரை, சில சமயம் உர மூட்டையிலிருந்து பிரிந்த பிளாஸ்டிக் நூல். அந்தத் தண்ணீர் பெரிய கால்வாயில் விழுகிறது. கால்வாய் ஆற்றில் சேர்கிறது. ஆறு அலையாத்திக் காட்டைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. நமக்குக் கடல் தூரமாக இருக்கலாம், நம் பாரிட்டுத் தண்ணீருக்கு அது ஒரு நாள் பயணம் கூட இருக்காது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. கடல் சூடாவதை நம் ஊரால் மட்டும் நிறுத்த முடியாது. ஆனால் சூட்டோடு சேர்ந்து அந்த உயிர்களின் தலையில் விழும் மற்ற சுமைகள் இருக்கின்றனவே, சேறு, உரம், வலை, அழிந்துபோகும் கரையோரக் காடு, இவற்றில் பல நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பட்டினி போடாமல், தூங்கவிட்டு, கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டால் காய்ச்சலைத் தாங்கும் தெம்பு வரும். அதே கணக்குதான் இது. இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவதும் இதைத்தான்.

நம் பக்கத்துக் கடலில் உண்மையாகவே டால்பின் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் ஒரு வகை இல்லை. மாத்தாங் கரையோரக் கடலில் மூன்று வகைப் பாலூட்டிகள் வாழ்கின்றன. ஒன்று ஐராவதி டால்பின். உருண்டைத் தலை, அலகு கிடையாது, முதுகில் சின்னத் துடுப்பு. இரண்டாவது கூன்முதுகு டால்பின். குட்டியில் சாம்பல் நிறம், வயதாக ஆக வெளுத்து இளஞ்சிவப்பாகிவிடும். மூன்றாவது முதுகில் துடுப்பே இல்லாத ஒரு சின்னக் கடற்பன்றி. அலை கொஞ்சம் எழும்பினாலும் கண்ணில் படாது, அதனால் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

கோலா செப்பேத்தாங் போயிருப்பீர்கள். பாக்காவ் என்ற அலையாத்தி மரத்தில் கரி சுடும் சூளைகளைப் பார்க்கவும் மின்மினி பார்க்கவும் ஆள் வருகிற அதே இடம். பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது. அந்த ஆற்று முகத்துவாரத்தில் காலை வேளையில் படகின் மோட்டாரை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ‘புஸ்’ என்று ஒரு மூச்சுச் சத்தம், சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல. திரும்பினால், மழையில் நனைந்த தார் ரோடு மாதிரி பளபளக்கும் ஒரு முதுகு, பக்கத்திலேயே அதில் பாதி அளவில் இன்னொன்று. தாயும் குட்டியும். இரண்டும் சேறு கலந்த தண்ணீரில் மூன்று நான்கு முறை மூச்சு விட்டுவிட்டு மூழ்கிவிட்டன. நீலக் கடலில் துள்ளும் டால்பினையே படத்தில் பார்த்துப் பழகிய எனக்கு, நம் சேற்றுத் தண்ணீரிலேயே அது குடும்பம் நடத்துகிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

டால்பின் மீன்தானே?

இல்லை. நுரையீரலால் மூச்சு விடும், குட்டி போடும், பால் கொடுக்கும். நம்மைப் போலவே உடம்புச் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்க வேண்டிய பிராணி. தமிழில் ஓங்கில் என்று ஒரு நல்ல பெயர் அதற்கு உண்டு. கடற்பசுவுக்குத் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் ஆவுளியா என்று பெயர். மலாய்க்காரர்கள் டுயோங் என்கிறார்கள்.

கடல் கொஞ்சம் சூடானால் அதற்கு என்ன? பழகிக்கொள்ளாதா?

புவியில் கூடியிருக்கும் வெப்பத்தில் நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் கடல்தான் விழுங்கியிருக்கிறது. கடலில் வெப்ப அலை வருவது 1980களுக்குப் பிறகு சுமார் இரண்டு மடங்காகியிருக்கிறது. இது ‘கொஞ்சம்’ இல்லை.

சூடு நேரடியாகக் கொல்வதும் உண்டு. 2023இல் பிரேசிலின் தெஃபே ஏரியில் வறட்சியால் தண்ணீர் வற்றி, 39 டிகிரிக்கு மேல் சூடேறியது. நமக்கு 39 என்றால் கடுமையான காய்ச்சல். ஆற்று டால்பின்கள் 200க்கு மேல் செத்து மிதந்தன. அவற்றுக்கு ஒதுங்க நிழல் கிடையாது.

ஆனால் பெரும்பாலும் சூடு முதலில் அடிப்பது சாப்பாட்டில்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே என்ற இடத்தில் 2011 தொடக்கத்தில் ஒரு வெப்ப அலை. கடற்புல் வயல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமானது. புல்லில் ஒதுங்கி வாழும் மீன் குறைந்தது. அதற்குப் பிறகு அங்குள்ள டால்பின்களின் உயிர் பிழைக்கும் விகிதம் 12 விழுக்காடு இறங்கியது, குட்டி ஈனுவதும் குறைந்தது. அந்தச் சரிவு ஒரு வருடத்தோடு முடியவில்லை, பல வருடம் நீண்டது. வட பசிபிக்கில் 2014 முதல் 2016 வரை நீடித்த வெப்ப அலையின்போது கூன்முதுகுத் திமிங்கலங்களுக்கும் இதே கதி. அந்தக் கடலில் 2012க்கும் 2021க்கும் இடையில் சுமார் 7,000 திமிங்கலம் குறைந்துவிட்டது. காரணம் பட்டினி என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பட்டினி கிடக்கும் டால்பின் தன் தோலுக்கு அடியில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைக்கும். கடலில் கலந்த பழைய பூச்சிமருந்துகளும் ரசாயனங்களும் அந்தக் கொழுப்பில்தான் வருடக்கணக்காகத் தங்கியிருக்கும். கொழுப்பு கரைந்ததும் அவை இரத்தத்தில் இறங்கும். வயிறு காய்ந்த நேரத்தில் விஷமும் ஏறும்.

பனி உருகினால் வடதுருவக் கரடிக்குக் கஷ்டம் என்று புரிகிறது. மற்ற இடங்களில்?

ஹவாய்க்கு வடமேற்கே ஈஸ்ட் ஐலண்டு என்ற சின்ன மணல் தீவு, துறவிச் சீல் என்ற கடல் பாலூட்டிகள் குட்டி போடும் இடம். 2018இல் ஒரே சூறாவளி அதைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அடித்துக்கொண்டு போனது. வட அட்லாண்டிக்கில் ரைட் திமிங்கலம் என்று ஓர் இனம், 400க்கும் குறைவாகவே மிச்சம். வழக்கமாக மேயும் கடல் சூடாகி இரை நகர்ந்ததும், அவை இரையைத் தேடிக் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போயின. அங்கே கப்பல் பாதையும் நண்டுக் கூண்டுக் கயிறும் நிறைய. திமிங்கலம் அங்கே வருமென்று யாரும் எதிர்பார்க்காததால் காப்பதற்கான விதியும் அங்கே இல்லை. 2017இல் மட்டும் கனடா, அமெரிக்கக் கடல்களில் சேர்த்து 17 செத்தன. அடிபட்டும் கயிற்றில் சிக்கியும் செத்தவைதான் கூடுதல். அங்கே அவற்றைத் துரத்தியது சூடு என்றாலும், உயிரை வாங்கியது கப்பலும் கயிறும். காப்பாற்றும் வழியும் அதிலேயே தெரிந்தது: கப்பல்களின் வேகத்தைக் குறைத்தார்கள், திமிங்கலம் தென்பட்டால் அந்தப் பகுதியில் மீன்பிடியை நிறுத்திவைத்தார்கள்.

கடற்பசு புல்தானே தின்கிறது? புல் எங்கேயும் முளைக்குமே?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஐந்தாம் ஆண்டு மாணவி. அதற்காகவே ஒரு சோதனை செய்தோம்.

இரண்டு கண்ணாடி பாட்டில். ஒன்றில் மழைக்கு முன் பாரிட்டில் பிடித்த தண்ணீர், இன்னொன்றில் மழைக்குப் பின் பிடித்தது. பின்னால் செய்தித்தாளை வைத்துப் படிக்கச் சொன்னேன். முதல் பாட்டில் வழியே தலைப்பும் தெரிந்தது, சின்ன எழுத்தும் தெரிந்தது. இரண்டாவது பாட்டிலில் தலைப்பே தெரியவில்லை. பாட்டிலின் அகலம் ஒரு கை அகலம்கூட இல்லை. அப்புறம் பாட்டிலை மேசையில் அசைக்காமல் வைத்தோம். மறுநாள் காலையில் அடியில் விரல் தடிமனுக்குச் சேறு. “சார், இது புல்லு மேல விழுந்தா புல்லு மூச்சு முட்டும்தானே?” என்று அவளே சொன்னாள்.

அதுதான் விஷயம். கடற்புல் பாசி இனம் இல்லை. வேர், இலை, பூ எல்லாம் உள்ள செடி, அதற்கு வெயில் வேண்டும். கலங்கல் மேலே போர்த்திவிட்டால் வெயில் கீழே இறங்காது. ஒரு கடற்பசு ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும். புல் செத்தால் அது வேறு வயல் தேடி அலையும், கிடைக்காவிட்டால் மெலிந்து சாகும். 2011இல் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்தில் பெருவெள்ளமும் சூறாவளியும் சேறு கொட்டியதில் புல் வயல்கள் அழிந்தன. அந்த வருடம் அங்கே கரை ஒதுங்கிய கடற்பசுக்களின் எண்ணிக்கை அதற்கு முன் கண்டிராதது. கடற்பசு 70 வருடம்வரை வாழும். ஆனால் மூன்று முதல் ஏழு வருடத்துக்கு ஒரு குட்டிதான், அதையும் ஒரு வருடத்துக்கு மேல் சுமக்கும். ஒரு கெட்ட வருடத்தில் போனதை ஈடுகட்ட ஒரு தலைமுறை ஆகும்.

நம் நாட்டில் ஜொகூரின் மெர்சிங் பக்கம் சிபு, திங்கி தீவுகளைச் சுற்றியும், ஜொகூர் நீரிணையில் புலாய் ஆற்று முகத்துவாரத்திலும், சபாவிலும் கடற்பசுவும் அதன் புல் வயல்களும் இருக்கின்றன. நம் ஊர்த் தண்ணீர் அங்கே போகாது. ஆனால் அங்கும் ஆற்றுக்கு மேல்பக்கம் செம்பனைத் தோட்டம் உண்டு.

சேறு சரி. உரமும் கெடுதலா? உரம் செடிக்கு நல்லதாயிற்றே?

கடற்பசுவின் உறவுக்கார விலங்கு ஒன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கிறது, மானட்டீ என்று பெயர். 2021இல் அங்கே சுமார் 1,100 மானட்டீ செத்தன. பல வருடமாக நிலத்திலிருந்து வந்த உரச்சத்தும் வீட்டுக் கழிவுநீரும் காயலில் சேர்ந்து, நுண்பாசி பெருகி, தண்ணீர் பச்சைப் போர்வையாகிவிட்டது. கீழே இருந்த கடற்புல்லுக்கு வெயில் கிடைக்கவில்லை. கடைசியில் அந்தக் குளிர்காலத்தில் அரசாங்கமே சாலட் கீரையை லாரியில் கொண்டுவந்து கொட்டி மானட்டீகளுக்கு ஊட்ட வேண்டிய நிலை. தண்ணீர் சூடாக இருந்தால் பாசி இன்னும் வேகமாகப் பெருகும். உரமும் சூடும் சேர்ந்தால் தனித்தனியாகச் செய்யும் கெடுதலைவிடக் கூடுதலாகச் செய்யும்.

உரம் போடாமல் செம்பனை குலை தள்ளுமா? நம் பிழைப்பே அதில்தானே?

என் அம்மா பால்மரம் வெட்டினார். அப்புறம் அந்தத் தோட்டமே செம்பனைக்கு மாறியது. என் படிப்புச் செலவு அந்த மண்ணிலிருந்து வந்தது. உரம் போடாதீர்கள் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

போடுகிற உரம் மரத்துக்குப் போகிறதா, பாரிட்டுக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. மழை கருக்கட்டி நிற்கும்போது வீசிய உரம் மரத்துக்குப் போகாது, காசு தண்ணீரில் போகிறது. வருட உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போடுவது, அடைமழை மாதத்தைத் தவிர்ப்பது, பாரிட்டின் ஓரத்தில் வீசாமல் இருப்பது, இவை கங்காணிகளுக்கும் மண்டோர்களுக்கும் தெரியாத வித்தை இல்லை. கணக்கு முடிக்கும் அவசரத்தில்தான் தவறிப்போகிறது.

சேற்றுக்கு வருவோம். வெட்டிய மட்டையைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கினால் மழைத்தண்ணீர் வேகம் குறைந்து மண் தங்கும். மறுநடவு நேரம்தான் மிக ஆபத்து. 25 வருட மரத்தைச் சாய்த்து நிலத்தை மொட்டையாக விட்டால் ஒரே பருவத்தில் மண் ஆற்றோடு போய்விடும். கொடிப்பயிர் சீக்கிரம் படர்ந்தால் அந்த இழப்பு பெரிதும் குறையும். ஆற்றோரத்தில் எவ்வளவு நிலத்தை விட்டுவைக்க வேண்டும் என்று வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி சொல்கிறது: 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆறு என்றால் இரு கரையிலும் 50 மீட்டர், ஐந்து மீட்டருக்குக் குறைந்த ஓடை என்றால்கூட ஐந்து மீட்டர். அந்தப் பட்டையில் களைக்கொல்லி அடிக்கக் கூடாது, புல்லும் மரமும் நிற்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் அந்தப் பட்டை இருக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் செம்பனைதான் குற்றவாளியா?

இல்லை. கடலைச் சூடாக்குவதில் முதல் பங்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதற்குத்தான். ஆனால் ஒன்றை மறைக்கவும் கூடாது. கரிச்சதுப்பு நிலத்தை வடித்துத் தோட்டம் போட்டால், ஆயிரக்கணக்கான வருடம் தண்ணீருக்கடியில் அடங்கியிருந்த கரி (கார்பன்) காற்றோடு கலந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். தீப்பிடித்தால் கேட்கவே வேண்டாம், புகைமூட்டத்தில் பள்ளி மூடிய நாட்கள் நமக்குத் தெரியும். செம்பனை எண்ணெயை நிலைத்த முறையில் உற்பத்தி செய்வதற்கான மலேசியச் சான்றிதழ் எம்.எஸ்.பி.ஓ. 2020 முதல் கட்டாயம். ஆலைக் கழிவுநீருக்கு 1977லேயே விதி வந்துவிட்டது. ஆகவே விதி இல்லாத குறை கிடையாது. விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் கண்கள் தோட்டத்துக்கு உள்ளேயே இருப்பவர்களுடையவை, அதாவது நம்முடையவை.

மழை கூடினால் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. அது நல்லதுதானே?

உப்புத் தண்ணீருக்குப் பழகிய டால்பின் நன்னீரில் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டால் தோல் வெந்தது போல் புண்ணாகும். ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்து ஏரிகளில் 2007இல் பெருமழைக்குப் பிறகு இப்படி நடந்தது. உடம்பில் பெரும்பகுதி புண்ணாகிச் செத்த டால்பின்களை அங்கே பரிசோதித்தார்கள். ஐராவதி டால்பின் நன்னீரைத் தாங்கும், சில ஆறுகளில் நன்னீரிலேயே வாழ்கிறது. கூன்முதுகு டால்பினுக்கு முகத்துவாரம் வேண்டும், ஆனால் உப்பும் வேண்டும். மேலே உள்ள காடும் சதுப்பும் மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விட்டால் இந்த அதிர்ச்சி குறையும்.

அலையாத்திக் காட்டைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள். டால்பின் மரத்தில் ஏறுமா?

அதன் சாப்பாடு அந்த மரத்தின் காலடியில் வளர்கிறது. இறாலும் மீன் குஞ்சும் ஒதுங்கி வளர்வது பாக்காவ் வேர்களுக்கு நடுவில். அந்த வேர்கள் சேற்றையும் பிடித்து வைக்கின்றன, நாம் அனுப்பும் காப்பி நிறத் தண்ணீரைக் கடலுக்குப் போகுமுன் வடிகட்டிக் கொடுக்கின்றன. கரியையும் மண்ணுக்குள் அடக்கி வைக்கின்றன. அலையை ஆற்றுவது என்பதால்தான் அலையாத்தி என்று பெயர். 2004 சுனாமியின்போது நம் மேற்குக் கரையில் அந்தக் காட்டின் அருமை தெரிந்தது, அதற்குப் பிறகு நாடு முழுவதும் மரம் நட்டார்கள்.

மாத்தாங் காடு சுமார் 40,000 ஹெக்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காப்புக்காடாக்கப்பட்டு, அடுப்புக் கரிக்காக 30 வருடச் சுழற்சியில் வெட்டி மறுபடியும் நட்டுவருகிறார்கள். வெட்டிக்கொண்டே காப்பாற்றவும் முடியும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

இப்போது ஒரு புதிய ஆபத்து. கடல் மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் உலக அளவில் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, ஏறும் வேகமும் கூடுகிறது. கடல் ஏறினால் அலையாத்திக் காடு தரைப்பக்கமாக நகர்ந்து பிழைத்துக்கொள்ளும், அது அதன் குணம். ஆனால் நம் கரையில் காட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பண்டு, அதாவது கடல் நீரைத் தடுக்கும் மண்மேடு. பண்டுக்குப் பின்னால் தென்னை, செம்பனை, வயல். முன்னால் கடல், பின்னால் மண்மேடு, நடுவில் காடு நசுங்குகிறது. பண்டை எங்கெல்லாம் பின்னுக்குத் தள்ள முடியும், எந்த வரிசை மரத்தை மறுநடவின்போது காட்டுக்கு விட்டுக்கொடுக்க முடியும் என்று தோட்ட நிர்வாகமும் மாநில அரசும் இப்போதே உட்கார்ந்து பேச வேண்டும். உப்புத் தண்ணீர் ஏறிக் காய்ப்பு விழுந்த ஓர வரிசைகளை வைத்து யாருக்கும் பெரிய லாபமில்லை. இந்தப் பக்கத்தில் நான் சொல்வதில் செலவும் சண்டையும் அதிகம் பிடிக்கும் யோசனை இதுதான், பலனும் இதில்தான் அதிகம் என்று நம்புகிறேன்.

மீனவர்கள் வலையில் டால்பின் சிக்கினால் யார் பொறுப்பு?

வேண்டுமென்று யாரும் பிடிப்பதில்லை. செவுள் வலையிலும் இழுவலையிலும் சிக்கினால் மேலே வந்து மூச்சு விட முடியாமல் மூழ்கிச் சாகும். கடலோர டால்பின்களுக்கு இன்றைய தேதியில் சூட்டைவிடப் பெரிய எமன் வலைதான். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: உயிரோடு சிக்கினால் உடனே விட்டுவிட வேண்டும், செத்திருந்தால் மீன்வள இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் தன்மேல் வழக்கு வருமோ என்ற பயத்தில் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். தவறி மாட்டியதைச் சொல்வது குற்றமில்லை. வார இறுதியில் முகத்துவாரத்தில் தூண்டில் போடப் போகும் நம் ஆட்களுக்கும் ஒன்று: அறுந்த நைலான் நரம்பையும் வலைத் துண்டையும் தண்ணீரில் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஓர் இடத்தைப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்துவிட்டால் போதாதா?

அறிவிப்பு வேண்டும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே வருமுன் பார்த்த கடல் அது. வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவித்த மீனவர்களுக்கு அங்கே வனத்துறை வெகுமதியும் கொடுக்கிறது. எனக்கு அதில் பிடித்தது அந்தப் பகுதிதான். மீனவரை எதிரியாக்காமல் காவல்காரராக்கினார்கள்.

ஆனால் கடல் சூடானால் இரை நகரும், இரையின் பின்னால் விலங்கும் நகரும், நாம் வரைபடத்தில் போட்ட கோடு நகராது. ரைட் திமிங்கலம் அதைத்தான் காட்டியது. அதனால் கோட்டைப் போட்டுவிட்டுப் போகாமல், சில வருடத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்துக் கோட்டைத் திருத்த வேண்டும். எண்ணுவதற்கு ஆளும் காசும் வேண்டும்.

டால்பின் கரை ஒதுங்கினால் தள்ளிக் கடலில் விட்டுவிடலாமா?

அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். உடனே மீன்வள இலாகாவைக் கூப்பிடுங்கள், எண் தெரியாவிட்டால் 999. ஆள் வரும்வரை வயிறு கீழே இருக்கும்படி நேராக வைத்திருங்கள். தலையின் மேல் உள்ள மூச்சுத் துளையில் தண்ணீரோ மணலோ போகக் கூடாது. ஈரத் துணியைப் போர்த்தி நிழல் கொடுங்கள், துளையை மட்டும் மூடாதீர்கள். வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், முதுகெலும்பு விலகிவிடும். கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள், அது அதிகாரிகளுக்கு உதவும். அதன் மேல் சாய்ந்து செல்ஃபி வேண்டாம்.

கடற்பசுக் கண்ணீர் வசியத்துக்கு நல்லது என்கிறார்களே?

‘ஆயர் மாத்தா டுயோங்’ என்று விற்கிறார்கள். வாங்காதீர்கள். கரையில் தூக்கிப் போட்ட பிராணியின் கண்ணிலிருந்து வடியும் நீர் அது. கடற்பசு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர், அதன் பல், கொழுப்பு, இறைச்சி எதை வாங்கினாலும் குற்றம்.

அஸ்தி கரைக்கவும் மாசி மகத்துக்கும் கடலுக்குப் போகிறோம். அதிலும் தப்பா?

பூவும் சாம்பலும் தப்பில்லை. பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்டு, சந்தனப் பாக்கெட், கற்பூர டப்பா, இவற்றை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். குருக்கள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

டால்பின் பார்க்கப் படகில் போகலாமா?

போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். படகோட்டியிடம் ஏறுமுன்பே பேசிவிடுங்கள்: துரத்த வேண்டாம், முன்னால் போய் மறிக்க வேண்டாம், பக்கத்தில் வந்தால் கியரை எடுத்துவிடுங்கள், தாயும் குட்டியும் என்றால் தள்ளியே நில்லுங்கள். பட்டினியில் இருக்கும் ஒரு தாய்க்கு, படகிலிருந்து தப்ப ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் பால் குறைவதற்குச் சமம்.

நாம் வீட்டில் விளக்கை அணைத்தால் கடல் குளிருமா?

ஒரு வீட்டால் குளிராது, அப்படிச் சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்ற மாட்டேன். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் வருகிறது. 2050க்குள் நிகரக் கரி வெளியேற்றத்தைச் சுழியமாக்குவோம் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோட்டைப் பற்றியும் கோயில் மானியத்தைப் பற்றியும் கேட்கிறோம். அதோடு இதையும் கேளுங்கள். பள்ளிக் கூரையில் சூரியத் தகடு எப்போது என்று எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

என் மகளுக்கு இதில் ஆசை வந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தப் படிப்பெல்லாம் சரிப்படுமா?

ஏன் சரிப்படாது? கடல் பாலூட்டிகளுக்கென்றே 2012இல் நம் நாட்டில் தொடங்கிய ஆய்வு அமைப்பு மாரேசெட். லங்காவி, மாத்தாங், ஜொகூர் கடல்களில் வேலை செய்கிறார்கள். அதன் இணை நிறுவனர் டாக்டர் லூயிசா பொன்னம்பலம் மலேசியப் பெண்மணி. உயிரியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் திரெங்கானு மலேசியப் பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியல் படிக்கலாம். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்துக்குத் தெலுக் பஹாங் பக்கம் ஒரு கடல் ஆய்வு நிலையம் உண்டு. நீச்சல் கற்றுக்கொடுங்கள், அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

வேலை எப்படி இருக்கும் என்றும் அவளிடம் சொல்லிவிடுங்கள். வெயிலில் படகில் நின்று, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதுகுத் துடுப்பு தெரிந்ததும் படம் எடுக்க வேண்டும். நம் கைரேகை போல ஒவ்வொரு துடுப்பிலும் உள்ள வெட்டும் தழும்பும் வேறு வேறு. அதை வைத்துத்தான் போன வருடம் பார்த்த தாய் இந்த வருடமும் உயிரோடு இருக்கிறாளா என்று கண்டுபிடிக்கிறார்கள். ஒன்றுமே தென்படாத நாளில் நேரம், இடம், அலையின் அளவு எல்லாம் குறித்துவிட்டு, டால்பின் எண்ணிக்கைக் கட்டத்தில் 0 என்று எழுத வேண்டும்.